யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாயே

தம்பி,

இந்தத் தாள்களை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. கீழே உன் மேசைமேல் விரித்தபடியே வைத்துவிடப் போகிறேன். சித்ரா எடுத்துப் படித்தாலும் சரி, உன் வக்கீல் படித்தாலும் சரி. மாடியில் நான் இருக்கிறேன், கீழே நீ இருக்கிறாய். நடுவில் ஒரு மாடிப்படிதான். அதற்குள் கடிதம் எழுதுகிற நிலைமைக்கு வந்துவிட்டோம். நேரில் சொல்லிவிடலாம் என்று பலமுறை படியிறங்கி வந்தேன். என் செருப்புச் சத்தம் கேட்டதும் நீ கிளினிக்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாய். சாத்திய கதவுக்கு வெளியே நின்று பேசுகிற தெம்பு எனக்கில்லை.

வருகிற திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போய், கிளினிக்கில் வேலை பார்த்த நூர்ஜஹான் மேல் வழக்குப் போடப் போகிறாய் என்று நேற்றுச் சாப்பாடு கொண்டுவந்தபோது சித்ரா சொன்னாள். "எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன் மாமா. அந்தப் பிள்ளய சும்மா விட மாட்டேன்னு நிக்காக" என்றாள். உன்மீது பல் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கும்படி செல்லத்தாயைத் தூண்டிவிட்டதும், உன் பதிவு நம்பரை எடுத்துக் கொடுத்ததும், எங்கே எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் நூர்ஜஹான்தான் என்று நீ நம்புகிறாய். அவள் இல்லை. நான்தான். இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு தாளும். இதோடு நிறுத்திவிடலாம். ஆனால் இந்த வரியை மட்டும் படித்தால், பெற்ற தகப்பனே முதுகில் குத்திவிட்டான் என்றுதான் உனக்குத் தோன்றும். அப்படியும் இருக்கலாம். நடந்தது முழுவதையும் படித்துவிட்டு நீ முடிவு செய்.

மில்லில் டைம் ஆபீஸில் உட்கார்ந்தே என் உத்தியோகக் காலம் போனது உனக்குத் தெரியும். யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே போனார்கள் என்று குறித்து வைப்பதுதான் வேலை. ரிட்டையர் ஆகி, உன் அம்மாவும் போனபிறகு, மாடியில் தனியாக உட்கார்ந்திருக்க முடியாமல்தான் கீழே வந்து உன் கிளினிக் முன்னறையில் உட்கார ஆரம்பித்தேன். நீ கூப்பிடவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பேன், ஃபேனைப் போடுவேன், ஊசிக்குப் பயந்து அழுகிற பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுவேன். என் தலைக்கு மேலே சுவரில் உன் பதிவுச் சான்றிதழ் தொங்கும். அதைக் கண்ணாடிக் கடையில் கொடுத்துச் சட்டம் போட்டு, திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொள்ள, சட்டைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்து ஆணி அடித்து மாட்டியவன் நான். உன் அம்மா கீழே நின்று, "எடதுபக்கம் செத்த எறங்கியிருக்கு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நீ காலேஜில் முதல் வருஷம் படித்தபோது லீவில் வந்தால் மெழுகுக் கட்டியில் பல் செதுக்குவாய். அம்மா முறத்தை வைத்துக்கொண்டு மெழுகுச் சீவலைக் கூட்டி எடுப்பாள். கத்தியை வைப்பதற்கு முன்னால் அந்தக் கட்டியை நீ எத்தனை விதமாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய்! டியூப்லைட்டுக்கு நேரே பிடிப்பாய், கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோவாய், கீழே வைத்துவிட்டு மறுபடி எடுப்பாய். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. இவன் கையில் யாரையும் நம்பி ஒப்படைக்கலாம் என்று நான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் எனக்கு இது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நீ இரண்டாவது கிளினிக் திறந்தபோது நானும் சந்தோஷப்பட்டவன்தான். காலையில் அங்கே, பிற்பகலில் இங்கே என்று சொன்னாய். அங்கே கூட்டம் சேரச் சேர, ராஜபாளையத்துக்கு நீ வருகிற நேரம் தள்ளிக்கொண்டே போனது. பிற்பகல் என்பது சாயங்காலமானது, சாயங்காலம் என்பது விளக்கு வைத்த பிறகு என்றானது. நீ இல்லாத நேரத்தை கனகராஜ் பார்த்துக்கொண்டான். பல்செட் செய்கிற மெக்கானிக் அவன். அந்த வேலையில் அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவன் டாக்டர் இல்லை. முதலில் பல்செட்டுக்கு அளவெடுத்தான். பிறகு பல்லைச் சுத்தம் செய்தான். பிறகு வயசானவர்களுக்கு ஆடுகிற பல்லை எடுத்தான். வெள்ளைக் கோட்டை எப்போது போட ஆரம்பித்தான் என்று எனக்கு ஞாபகமில்லை. ஒருநாள் பார்த்தபோது போட்டிருந்தான். வருகிறவர்கள் அவனையும் டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். நானும் அதைத் திருத்தவில்லை.

செல்லத்தாய் வந்தது ஒரு முற்பகலில். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறவள். துண்டை மடித்துக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு வந்தாள். "அண்ணாச்சி, டாக்டர் இருக்காகளா? ரெண்டு நாளா தூக்கமில்ல. மிஷின்ல ஒக்கார முடியல" என்றாள். டாக்டர் சாயங்காலம்தான் வருவார் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் கனகராஜ் திரையை விலக்கி எட்டிப் பார்த்து, "உள்ள வாங்கக்கா" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் உனக்கு ஃபோன் போட்டான். கையில் உறை போட்டிருந்ததால் ஃபோனை ஸ்பீக்கரில் வைத்துப் பேசினான்.

"சார், கீழ்க் கடவாப்பல்லு, கடேசிப் பல்லு. வலி தாங்காம அழுதாக. நீங்க வர எம்புட்டு நேரமாவும்?"

"நான் வர லேட்டாவும்டே. ஆடுதா?"

"லேசா ஆடுத மாதிரி இருக்கு சார்."

"ஆடுதுன்னா எடுத்துரு."

அவ்வளவுதான் நீ பேசியது. எனக்கும் கேட்டது, வாசலோரம் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்த நூர்ஜஹானுக்கும் கேட்டது. எக்ஸ்ரே எடுக்கிற இயந்திரம் பக்கத்து அறையில் துணி போர்த்தியபடி இருந்தது. அதில் படம் எடுத்து, வேர் நரம்புக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது கனகராஜுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும், ஆனால் நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தாய். உள்ளேயிருந்து வந்த அந்தச் சத்தத்தை எனக்கு எழுத வரவில்லை. முன்னறையில் காத்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு அம்மா தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். ரொம்ப நேரம் கழித்துச் செல்லத்தாய் வெளியே வந்தாள். வாயில் பஞ்சைக் கடித்திருந்ததால் பேச முடியவில்லை. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அப்புறம் அவள் கீழுதட்டிலும் தாடையிலும் உணர்ச்சி வரவில்லை. மரத்துப்போகப் போட்ட ஊசியின் வேகம் இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டே நாள் கணக்கில் இருந்திருக்கிறாள். பிறகு இங்கே வந்தாள். உதடு கிழிந்து பொருக்குக் கட்டியிருந்தது. இட்லி தின்னும்போது உதட்டையும் சேர்த்துக் கடித்திருக்கிறாள், ரத்தம் சட்டையில் விழுந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. நீ பார்த்தாய். நரம்பு லேசாக அதிர்ந்திருக்கிறது, சில மாதத்தில் தானாகச் சரியாகும் என்று சொல்லி சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினாய். அவள் நம்பினாள். நானும் நம்பினேன். சொன்ன மாதங்கள் போய் மறுபடி வந்தபோது உனக்கு அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. உள்ளே இருந்துகொண்டே, "இல்லேன்னு சொல்லிருங்கப்பா" என்று எனக்கு ஃபோனில் செய்தி அனுப்பினாய். உள்ளே இருக்கிற ஆளை இல்லை என்று சொல்வது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அவள் வாசலில் கிடந்த உன் செருப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வந்த வழியே திரும்பி நடந்தாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது உன்னிடம் பேச்செடுத்தேன். ஞாபகமிருக்கிறதா? "அந்தத் தளவாய்புரத்துப் பிள்ளையை மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி பெரிய டாக்டர்ட்ட காட்டக் கூடாதாப்பா?" என்று கேட்டேன். "ஒங்களுக்கு இது புரியாதுப்பா. கூட்டிட்டுப் போனா நானே தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்" என்றாய். சித்ரா தலையைக் குனிந்துகொண்டு உனக்குக் குழம்பு ஊற்றினாள். மகன் வீட்டில் சாப்பிடுகிற தகப்பன் ஓர் எல்லைக்கு மேல் பேச முடியாது. நீ அப்படி என்னை நடத்தியதில்லை, ஆனாலும் எனக்குள் அந்தக் கூச்சம் இருந்தது.

அடுத்த தடவை அவள் வந்தது மத்தியானத்தில். கனகராஜ் சாப்பிடப் போயிருந்தான், நூர்ஜஹான் தொழுகைக்குப் போயிருந்தாள், நீ ஸ்ரீவில்லிபுத்தூரில். நான் மட்டும் இருந்தேன். வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். "அண்ணாச்சி, ஊசியில நூலு கோக்கணும்னா நுனிய ஒதட்டுல வச்சு ஈரமாக்கித்தான் கோப்பேன். சின்னப் பிள்ளையிலேருந்து அப்படித்தான். இப்ப நூலு ஒதட்டுல இருக்கா, கீழ விழுந்துருச்சான்னே தெரியல. எச்சி வடிஞ்சி துணியில சொட்டுது. சூப்பர்வைசர் என்னைய பிசிறு வெட்டுத வேலைக்கு மாத்திட்டாரு" என்றாள். அழுகை இல்லை. நியாயத்தைச் சொல்லுகிற தோரணையில் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஒங்களுக்குத் தெரியாம இருக்காது அண்ணாச்சி. டாக்டரு தப்புப் பண்ணா யாருகிட்டச் சொல்லணும்? போலீசுலயா, கலெக்டர்கிட்டயா? போலீசுக்குப் போனேன். இதெல்லாம் நாங்க எடுக்க முடியாது, எங்க எழுதணுமோ அங்க எழுதும்மான்னுட்டாக. அது எங்கன்னுதான் யாரும் சொல்ல மாட்டேங்காக."

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நீயும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பாய். ஆனால் அவளுக்குத் தேவையான பதில் என் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து சுவரைக் காட்டினேன். "எல்லாப் பல் டாக்டருக்கும் இப்படி ஒரு நம்பர் இருக்கும்மா. இந்த நம்பர் குடுக்கிற கவுன்சில் மெட்ராஸ்ல இருக்கு. டாக்டர் மேல குறையின்னா அவங்கதான் விசாரிப்பாங்க. கிளினிக் பேரு மட்டும் எழுதினாப் போதாது. டாக்டர் பேரு, இந்த நம்பர், பல்லு எடுத்தது யாருங்கிறது, எல்லாம் எழுதணும்" என்று சொன்னேன். மில்லில் ஆளுக்கு ஆள் மனு எழுதிக் கொடுத்த பழக்கம், என் வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போனது. அவள் தன் ஃபோனை எடுத்துச் சான்றிதழைப் படம் பிடித்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு என்னைப் பற்றிக் கவலை வந்தது.

"இதுனால ஒங்க வேலைக்கு ஒண்ணும் வந்துராதுல்ல அண்ணாச்சி?"

"நான் இங்க வேலைக்கு இல்லம்மா. டாக்டரோட அப்பா."

அவள் சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். நின்றபடியே ஃபோனைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "அப்ப இத அழிச்சிரட்டுமா?"

தம்பி, அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு தலையசைப்பு போதும், அவள் அழித்திருப்பாள். நான் சொன்னால் கேட்டிருப்பாள், அப்படிப்பட்டவள். இத்தனையும் நடந்திராது. வெளியே ஆட்டோக்காரன் யாரையோ ஏசிக்கொண்டிருந்தான். நான் அதைக் கேட்பதுபோல் நின்றேன். கடைசியில், "வேண்டாம்மா, இருக்கட்டும்" என்றேன். உன்மேல் கோபத்தில் சொல்லவில்லை. மெட்ராஸிலிருந்து உன்னைக் கூப்பிட்டுக் கண்டித்தால் கனகராஜை அந்த நாற்காலிப் பக்கம் விடமாட்டாய், அவளுக்கும் ஒரு வழி செய்வாய் என்று நினைத்தேன். நான் சொல்லிக் கேட்காததைப் பெரிய இடத்திலிருந்து சொன்னால் கேட்பாய் என்று நினைத்தேன். அவ்வளவு தூரம்தான் எனக்கு ஓடியது.

நோட்டீஸ் வந்தது நோன்பு மாதத்தில். நீ அதைப் படித்துவிட்டு நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பல்லை எடுத்தது கனகராஜ் என்றும், நீ அங்கே இல்லை என்றும், ஃபோனில்தான் பேசினாய் என்றும் அதில் எழுதியிருந்தது. உன் நம்பர் பிசகில்லாமல் இருந்தது. "இது அந்தப் பொம்பளைக்கு எப்படித் தெரியும்? ஃபோன்ல பேசுனது எப்படித் தெரியும்? உள்ளயிருந்துதான் யாரோ சொல்லிக்குடுத்திருக்காக" என்று கத்தினாய். ஃபோன் பேச்சை நாற்காலியில் உட்கார்ந்திருந்த செல்லத்தாயே கேட்டிருப்பாள் என்பது உனக்குத் தோன்றவில்லை. நேராக நூர்ஜஹானிடம் போனாய். செல்லத்தாய் வந்த நாட்களிலெல்லாம் அவளுக்குத் தண்ணீர் கொடுத்ததும், பக்கத்தில் உட்கார்ந்து பேசியதும் அந்தப் பிள்ளைதான். உனக்கு அது போதுமானதாக இருந்தது.

"நோம்பு புடிச்சுக்கிட்டுப் பொய் சொல்லுவேனா சார்? நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல" என்றாள். நீ பையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாய். நோன்பு திறக்க இன்னும் நேரமிருந்தது. வெயிலில் இறங்கிப் போனாள். போகும்போது என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாளோ, சும்மாதான் பார்த்தாளோ தெரியாது. நான் டோக்கன் அட்டைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் உன்னிடம், "அந்தப் பிள்ளை இல்லடா" என்றேன். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாய். அந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் உன்னை இழக்கிறேன், சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை பெயர் கெடுகிறது. நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் அந்த மூடிய வாயோடுதான் உன் வீட்டில் சாப்பிட்டேன், உன் வீட்டில் படுத்தேன். நீ சாப்பிடும்போது யார் யாரையோ சந்தேகப்பட்டுப் பேசுவாய். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கிளினிக் வைத்திருக்கிற டாக்டர் பணம் கொடுத்திருப்பார் என்பாய், நூர்ஜஹானுக்கு அங்கே வேலை கிடைத்துவிட்டது பார் என்பாய். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன். சித்ரா ஒருநாள், "மாமா இப்பல்லாம் சரியாவே சாப்பிட மாட்டேங்காக" என்றாள். நீ, "எனக்காகக் கவலப்படுதாக" என்றாய். அன்றைக்கு எனக்கு எழுந்து எங்காவது போய்விடலாம் போலிருந்தது. எங்கே போக? எனக்கு இருக்கிற ஒரே இடம் இதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக அய்யனார் கோவிலுக்குப் போனோமே. வெகுநாளைக்குப் பிறகு நீ சிரித்துப் பேசியது அன்றைக்குத்தான். ஓடையில் தண்ணீர் கொஞ்சம்தான் இருந்தது. சித்ரா காலை நனைத்துக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். நீ என்னைப் பாறைமேல் உட்கார வைத்து, டைப் அடித்த ஒரு தாளை நீட்டினாய். பல் எடுத்தபோது டாக்டர் கிளினிக்கில் இருந்தார், வரக்கூடிய ஆபத்துகளை நோயாளியிடம் விளக்கினார், நான் அருகில் இருந்து பார்த்தேன் என்று என் பெயரில் எழுதியிருந்தது. "அப்பா, மத்தவுக சொன்னா நம்ப மாட்டாக. ஒங்க கையெழுத்துதான் எனக்கு லைசென்ஸு" என்றாய். "மில்லுல எம்புட்டுப் பேருக்குக் கையெழுத்துப் போட்டிருப்பீக. மகனுக்கு ஒண்ணு போட மாட்டீகளா?" என்று கேட்டாய். கெஞ்சலாகத்தான் கேட்டாய்.

"செத்த நேரம் குடு. படிச்சுப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். உள்ளே இருந்தவனை இல்லை என்று ஒருமுறை சொல்லியிருக்கிறேன். இப்போது இல்லாதவனை இருந்தான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பெற்ற பிள்ளைக்காக மற்ற தகப்பன்கள் இதைவிடப் பெரியதெல்லாம் செய்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நான் கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நீ கேட்கும்போதெல்லாம் "பாப்போம்" என்றேன். அதுதான் நான் உனக்குச் செய்த பெரிய கெடுதல். முடியாது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் நீ வேறு வழி பார்த்திருப்பாய், தப்பை ஒப்புக்கொண்டு ஒரு பதில் எழுதியிருப்பாய். என் "பாப்போம்" என்ற வார்த்தையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, உன் பதிலில் என்னைச் சாட்சி என்று எழுதி அனுப்பிவிட்டாய். கவுன்சிலிலிருந்து என்னையும் வரச் சொல்லிவிட்டார்கள்.

மெட்ராஸில் விசாரணை அறைக்கு வெளியே ஒரே பெஞ்சில்தான் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு ஓரத்தில் செல்லத்தாயும் அவள் தம்பியும், மறு ஓரத்தில் நீயும் வக்கீலும், நடுவில் நான். கனகராஜ் வரவில்லை, அவன் திருப்பூருக்குப் போய்விட்டான் என்று அப்போதுதான் சொன்னாய். உள்ளே முதலில் அவளைத்தான் கேட்டார்கள். "உங்களுக்கு இந்தப் பதிவு எண் எப்படிக் கிடைத்தது?" என்று உன் வக்கீல் கேட்டார். "செவத்துல மாட்டியிருந்துச்சுய்யா. நான்தான் ஃபோன்ல எடுத்தேன்" என்றாள். "கிளினிக்கில் யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?" என்று விடாமல் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லல" என்றாள். எனக்காக ஒரு பொய் சொன்னாள். பேசும்போது உதட்டோரம் எச்சில் வழிந்தது அவளுக்குத் தெரியவில்லை. அங்கிருந்த ஒரு அம்மா கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

பிறகு என்னைக் கேட்டார்கள். பெரிய கேள்வியெல்லாம் இல்லை. பல் எடுத்தபோது டாக்டர் கிளினிக்கில் இருந்தாரா என்று கேட்டார்கள். நீ என் முகத்தைப் பார்த்தாய். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கும்போது கூட்டத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடுவாயே, அதே பார்வை. "இல்லீங்க" என்றேன். எங்கே இருந்தார் என்று கேட்டார்கள். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல" என்றேன். எடுத்தது யார் என்று கேட்டார்கள். "மெக்கானிக்" என்றேன். நீங்கள் டாக்டருக்கு என்ன வேண்டும் என்று நடுவில் இருந்தவர் கேட்டார். "அப்பா" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

திரும்பி வரும் ரயிலில் நீ மேல் படுக்கையில் ஏறி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன் வந்ததும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிப் போனாய். உன் பையும் என் பையும் என்னிடம். ராஜபாளையத்தில் இரண்டையும் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஆட்டோக்காரர் உன் பையை வாங்கி வைத்துக்கொண்டே, "டாக்டர் வரலையா ஐயா?" என்று கேட்டார். "வருவான்" என்றேன்.

உத்தரவு வந்தது. சில மாதங்களுக்கு உன் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கி வைத்திருக்கிறார்கள். அதுவரை நீ யார் வாயிலும் கை வைக்கக் கூடாது. இரண்டு கிளினிக்கின் பெயர்ப்பலகையையும் துணி போட்டு மூடினாய். இவ்வளவோடு போனதே என்று எனக்கு ஆறுதல், உனக்கு உலகமே முடிந்துவிட்டது. செல்லத்தாய்க்கு இதனால் உதடு திரும்பி வந்துவிடவில்லை. இன்னும் பிசிறுதான் வெட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் ஜெயித்தாள், நீ தோற்றாய் என்று உன் சிநேகிதர்கள் பேசுகிறார்கள். அவளைப் பார்த்தால் ஜெயித்தவள் மாதிரி எனக்குத் தெரியவில்லை. நீ மெட்ராஸில் ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அதனால் உனக்குத் தெரிந்திருக்காது. உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். வழக்குக்காகவோ தப்பிப்பதற்காகவோ இல்லாமல், மருத்துவராக ஒருமுறை தளவாய்புரத்துக்குப் போய் அவளைப் பார். மதுரையில் யாரிடம் காட்டலாம் என்று உனக்குத்தான் தெரியும்.

இதுவரை எழுதியதன் நகல் ஒன்றை இன்று காலையில் நூர்ஜஹான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை நீ எந்த வக்கீலைப் பார்த்தாலும் அவளிடம் இது இருக்கும். உன்னிடம் சொல்லாமல் செய்ததற்குக் காரணம், சொல்லிவிட்டால் மறுபடி "பாப்போம்" என்று பின்வாங்கிவிடுவேனோ என்று என்மேலேயே எனக்குப் பயம். அவள் வாசலில் நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தாள். உள்ளே கூப்பிடவில்லை. அவள் அம்மா நாற்காலி கொண்டுவந்து போட்டும் நான் உட்காரவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல பெரியய்யா" என்றாள்.

"சொல்லியிருக்கணும்மா."

"ஒங்க மகன் கேட்டா என்ன சொல்லுவீக?"

"அவனுக்கும் இதேதான் எழுதியிருக்கேன்."

அவள் தாள்களை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, "வெயில் ஏறுததுக்குள்ள போங்க" என்றாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. திரும்பி நடந்து வரும்போது, பல மாதங்களுக்குப் பிறகு, எதிரே வந்தவர்களை நிமிர்ந்து பார்க்க முடிந்தது. வீட்டை நெருங்க நெருங்க அதுவும் குறைந்துபோனது.

இதைப் படித்த பிறகு நீ என்னை வீட்டைவிட்டுப் போகச் சொன்னால் போகிறேன். சித்ராவைச் சங்கடப்படுத்தாமல் நீயே வந்து சொல். மாடிக்கு வந்து என் முகத்தைப் பார்த்துத் திட்டினாலும் சரி. திட்டுவதற்காகவாவது நீ அந்தப் படியேறி வந்தால் எனக்குப் போதும்.

இன்னொன்று. கொஞ்ச நாளாக எனக்குக் கீழ்க் கடைவாயில் வலி இருக்கிறது. வீக்கம் இல்லை, வலி மட்டும்தான். ஒருபக்கமாக மென்று சமாளிக்கிறேன், உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிறேன். வேறு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சித்ரா சொல்கிறாள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். உன் தடை முடிகிறவரை தாங்கும் என்றுதான் நினைக்கிறேன். முடிந்த மறுநாள் காலையில் கீழே வந்து டோக்கன் எடுத்துக்கொண்டு காத்திருப்பேன். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார். பிறகு நீயே உன் கையால் எடு. இத்தனை நாளும் உன்னிடம் வாயைத் திறக்கத்தான் பயந்தேன். அந்த நாற்காலியில் எனக்கு ஒரு பயமும் இருக்காது.

அப்பா